கடக்கும் என்பதும் கடக்கக்கூடும் என்பதும்

எரிக் லார்சன் எழுதி 1999இல் வெளிவந்த 'ஐசக்ஸ் ஸ்டார்ம்' என்னும் நூலை அண்மையில் மறுபடியும் படித்தேன். 1900ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துக் கால்வெஸ்டன் நகரை அழித்த சூறாவளியைப் பற்றிய நூல் அது. நாவலுக்குரிய விறுவிறுப்போடு எழுதப்பட்ட வரலாறு. நல்ல நூல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது வந்துசேரும் முடிவோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. அந்நகரின் வானிலை அலுவலராக இருந்த ஐசக் கிளைனின் அளவுகடந்த தன்னம்பிக்கையையும் அக்கால அமெரிக்காவின் இறுமாப்பையும் லார்சன் மையத்தில் நிறுத்துகிறார். தனிமனிதர்களின் செருக்கு என்று சொல்லிவிட்டால் கதை அழகாக முடிந்துவிடுகிறது. என் பார்வையில் அங்கே பிழைத்தது மொழி. எந்தச் சொல்லை யார் சொல்லலாம், எந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது, ஐயத்தை எப்படிச் சொல்வது என்ற வினாக்களுக்கு ஓர் அலுவலகம் கண்டுபிடித்த தவறான விடைகள்தாம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றன. அந்த வினாக்கள் இன்றும் முடிந்துபோகவில்லை என்பதால்தான் இக்கட்டுரை.

தமிழ் கற்பிப்பவனுக்குச் சூறாவளியில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். சொற்களைத் துருவிப் பார்ப்பவனுக்கு இங்கே வேலை நிறையவே இருக்கிறது. 'புயல்' என்று நாம் இன்று வழங்கும் சொல்லுக்குச் சங்கப் பாடல்களில் மேகம், மழை என்பவையே பொருள். பெருங்காற்று என்னும் பொருள் பின்னால் வந்து ஏறியது. 'ஹரிக்கேன்' கரீபியத் தீவுகளில் வாழ்ந்த தாயினோ மக்களின் சொல். ஸ்பானியர் வாய்வழியே ஐரோப்பாவுக்குப் போனது. 'சைக்ளோன்' பிறந்ததோ நம் கல்கத்தாவில். வங்கக் கடற்புயல்களில் அகப்பட்ட கப்பல்களின் நாட்குறிப்புகளைப் பல்லாண்டுகள் திரட்டிய ஹென்றி பிடிங்டன், பாம்பின் சுருளைச் சுட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதனை உருவாக்கி, மாலுமிகளுக்காகத் தாம் எழுதிய கையேட்டில் 1848இல் வெளியிட்டார். புயலின் தடத்தை வரைவது என்பது அன்று நடந்து முடிந்ததை வரைவதுதான். கப்பல்கள் கரை சேர்ந்த பிறகு, சேராத கப்பல்களை விட்டுவிட்டு, எஞ்சிய குறிப்புகளை அடுக்கிப் பார்த்துக் கோடு இழுப்பார்கள். வரப்போவதை முன்கூட்டிச் சொல்வதற்குத் தந்திக்கம்பி வரவேண்டியிருந்தது.

அதனை முதலில் செய்துகாட்டியவர்களுள் தலையாயவர் ஒரு பாதிரியார். ஹவானாவில் சேசு சபையினர் நடத்திய பெலன் வானாய்வகத்தின் பொறுப்பை 1870இல் ஏற்ற பெனிட்டோ வீன்யெஸ், 1893இல் இறக்கும்வரை சூறாவளிகளையே நோக்கிக்கொண்டிருந்தார். புயல் தொலைவில் இருக்கும்போதே வானத்தின் உச்சியில் இறகுபோல் விரியும் கீற்று மேகங்கள் எந்தப் புள்ளியிலிருந்து கிளம்புகின்றன என்று பார்ப்பார், கடலின் நெடிய அலைகள் எத்திசையிலிருந்து வருகின்றன என்று பார்ப்பார், காற்றழுத்தமானியைப் பார்ப்பார். மூன்றையும் சேர்த்துப் புயலின் மையம் எங்கே இருக்கிறது, எங்கே போகும் என்று கணிப்பார். 1875 செப்டம்பரில் அவர் வெளியிட்ட எச்சரிக்கைதான் சூறாவளி பற்றிய முதல் முன்னறிவிப்பு என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர். கியூபாவின் நாளேடுகள் அவர் சொல்வதை அச்சிட்டன, மக்கள் நம்பினர். அவருக்குப் பின் வந்த லொரென்சோ கங்கோயிட்டியும் அதே மரபைத் தொடர்ந்தார்.

1898இல் ஸ்பெயினை வென்று கியூபாவை அமெரிக்கா தன் ஆளுகைக்குள் கொண்டுவந்தது. உடன் அமெரிக்க வானிலைத் துறையும் ஹவானாவுக்கு வந்தது. கியூபர்கள் தேவையில்லாமல் மக்களை அச்சுறுத்துகிறார்கள், ஆரவாரமாக எழுதுகிறார்கள் என்பது அத்துறையின் எண்ணம். 1900 ஆகஸ்டு இறுதியில், சூறாவளிப் பருவம் உச்சத்தை நெருங்கிய வேளையில், அரசின் கட்டுப்பாட்டிலிருந்த தந்திக்கம்பிகள் வழியே கியூபாவின் வானிலைச் செய்திகள் செல்லக்கூடாது என்று தடை விதிக்கப்பட்டது. சில நாட்களில், செப்டம்பர்த் தொடக்கத்தில், பெருமழையைக் கொட்டிக்கொண்டு ஒரு புயல் கியூபாவைத் தாண்டியது. அது வளைகுடாவுக்குள் புகுந்து வலுவடைந்து டெக்சஸ் நோக்கிச் செல்கிறது என்று பெலன் வானாய்வகம் கருதியது. வாஷிங்டனோ, அது வடக்கே திரும்பி ஃப்ளோரிடாவைக் கடந்து அட்லாண்டிக்குக் கரையோரம் மேலே ஏறும் என்று கணித்து, அதற்கேற்ப எச்சரிக்கை கொடுத்தது.

வாஷிங்டன் ஏன் அவ்வாறு நினைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், அது மடமையன்று. சூறாவளி தன் காலால் நடப்பதில்லை. ஆற்றுநீரில் மிதக்கும் சருகைப்போல, தன்னைச் சுற்றி மேலே ஓடும் பெருங்காற்றோட்டத்தால் அது கொண்டுசெல்லப்படுகிறது. அட்லாண்டிக்கின் மீது பெர்முடா, அசோரஸ் தீவுகளையொட்டி ஓர் உயரழுத்தப் பகுதி நிலைகொண்டிருக்கும். புயல்கள் அதன் தெற்கு விளிம்பில் மேற்கு நோக்கி வந்து, மேற்கு விளிம்பை அடைந்ததும் வடக்கே வளைந்து, பிறகு வடகிழக்காகத் திரும்பும். பெரும்பாலான புயல்களின் வழக்கம் இதுவே. அந்த உயரழுத்தம் மேற்கே நீண்டு கிடந்தால் திரும்புவதற்கு வழியில்லாமல் புயல் நேரே வளைகுடாவுக்குள் போய்விடும். 1900இல் நடந்தது அதுதான். பெரும்பாலும் நடப்பதை எப்போதும் நடப்பதாகக் கொண்டதே பிழை. இலக்கண மாணவர்களுக்கு 'பெரும்பான்மை', 'சிறுபான்மை' என்னும் சொற்கள் புதியன அல்ல. விதி சொன்ன நம் பழைய உரையாசிரியர்கள் 'சிறுபான்மை இவ்வாறும் வரும்' என்று ஒரு வாசலைத் திறந்தே வைத்தார்கள். வாஷிங்டன் அதனை மூடிவிட்டது.

மூடியதற்கு ஒரு பின்னணி உண்டு. மக்களைக் கலவரப்படுத்தக்கூடாது என்பது அத்துறையில் ஒரு கொள்கையாகவே ஊறிப்போயிருந்தது. 'டார்னேடோ' என்னும் சொல்லை முன்னறிவிப்புகளில் எழுதக்கூடாது என்று 1880களில் விதித்த தடை 1938 வரை நீடித்தது. நிலத்தில் அந்தச் சுழற்காற்று எத்தனை ஊர்களைப் பிய்த்தெறிந்தாலும் அறிக்கையில் அச்சொல் இராது. சூறாவளி எச்சரிக்கையை வெளியிடும் அதிகாரமும் கடலோர அலுவலகங்களிடம் இல்லை. துறைத் தலைவர் வில்லிஸ் மூர் அதனை வாஷிங்டனிலேயே வைத்துக்கொண்டார். ஒரு சொல்லை ஒளித்துவைத்தால் அச்சொல் குறிக்கும் பொருளும் ஒளிந்துகொள்ளும் என்ற நம்பிக்கை ஆட்சியாளர்களுக்கு எக்காலத்திலும் இருந்துவருகிறது.

இனிக் கிளைன். 1891இல் கால்வெஸ்டன் நாளேட்டில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். டெக்சஸ் கரையிலேயே இண்டியனோலா என்னும் துறைமுகம் 1875இலும் 1886இலும் புயல்களால் அழிந்திருந்தது. அதனைக் கண்டு கால்வெஸ்டனுக்குக் கடற்சுவர் கட்டவேண்டும் என்று பேச்சு எழுந்திருந்த காலம். அந்த அச்சம் அடிப்படையற்றது என்றார் கிளைன். அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று, கரைக்கு அப்பால் கடல் ஆழமற்றதாக மெல்லச் சரிந்து செல்வதால் பேரலைகள் உடைந்து வலுவிழக்கும் என்பது. உண்மை நேர்மாறானது. காற்று தள்ளிக்கொண்டு வரும் நீர் ஆழ்கடலில் கீழே திரும்பி ஓட இடமுண்டு. ஆழமற்ற கடலில் ஓட இடமின்றி மேலேறிக் கரைக்குள் புகும். எந்தப் பண்பைக் கேடயம் என்று அவர் கருதினாரோ அதுவே நகரின் கழுத்துக்குக் கத்தியாக இருந்தது. சுவர் கட்டப்படவில்லை.

அந்நகரின் மிக உயர்ந்த இடமே கடல்மட்டத்திலிருந்து 9 அடிக்கும் குறைவு. புயல் கொண்டுவந்த நீரின் உயரம் 15 அடிக்கு மேல். காற்றுமானி மணிக்கு 100 மைல் வேகத்தைக் காட்டிய பிறகு பிய்த்துக்கொண்டு பறந்துவிட்டது; உண்மையில் எவ்வளவு வீசியது என்பதைப் பிற்காலத்தார் கணக்கிட்டே அறியவேண்டியிருந்தது. ஏறத்தாழ 38,000 பேர் வாழ்ந்த நகரில் இறந்தோர் 6,000 பேர் என்போரும் 12,000 பேர் என்போரும் உண்டு. 8,000 என்பதே பரவலாகச் சொல்லப்படும் எண். அமெரிக்க வரலாற்றில் இயற்கைச் சீற்றத்தால் அதற்கு முன்னும் பின்னும் ஒரே நிகழ்வில் இத்தனை பேர் மடிந்ததில்லை. கிளைனின் வீடு இடிந்து, கருவுற்றிருந்த அவர் மனைவி நீரில் மூழ்கி இறந்தார். அம்மாதமே அவர் தம் துறைக்கு எழுதிய அறிக்கையில் அதனையும் ஒரு வரியில் குறித்திருக்கிறார். அழுத்தம், காற்றின் திசை, நீரின் உயரம் என்ற விவரங்களுக்கு நடுவே. அந்த அறிக்கையைப் படித்தவனால் கிளைனைச் செருக்கர் என்று ஒரு சொல்லில் முடித்துவிட இயலாது. தம் அலுவலகம் கற்பித்த உறுதியான நடையில் 1891இல் எழுதியவர் அவர். 'நானறிந்தவரையில்' என்ற ஒரு தொடருக்கு அந்த நடையில் இடமில்லை.

நகரம் எழுந்தது. 1902இல் தொடங்கிக் கடற்சுவர் கட்டினார்கள். நிலத்தையே மணல் கொட்டி உயர்த்தினார்கள். கம்பியில்லாத் தந்தி வந்ததால் கப்பல்கள் கடலின் நடுவிலிருந்தே புயலைப் பற்றிச் சொல்ல முடிந்தது. அப்படி முன்னேறிவந்த பிறகு, 1943 ஜூலை 27ஆம் நாள் அதே கால்வெஸ்டன் கரையில் இன்னொரு சூறாவளி எச்சரிக்கையின்றி ஏறியது. இம்முறை காரணம் போர். வளைகுடாவில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் உலவின. கப்பல்கள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அவற்றின் வானிலைச் செய்திகள் நிறுத்தப்பட்டிருந்தன. அறிக்கைகள் தணிக்கைக்குப் பின்னரே வெளிவந்தன. மக்களுக்குத் தெரியவந்தபோது புயல் வாசலில் நின்றது. 19 பேர் இறந்தனர். 1900ஐ நோக்க இது சிறு எண்தான். ஆயினும் 43 ஆண்டுகளில் கருவிகள் வளர்ந்திருந்தும், வாய் மூடப்பட்டதால் அதே ஊரில் அதே இருட்டு திரும்பிவந்ததைக் கவனிக்கவேண்டும்.

விந்தை என்னவெனில், புயலுக்குள் விமானத்தை ஓட்டிச்சென்று அளக்கும் வழக்கம் அந்தப் புயலில்தான் பிறந்தது. அருகே பிரையன் என்னுமிடத்தில் விமானப் பயிற்சி அளித்துவந்த ஜோசப் டக்வொர்த்தைப் பயிற்சிக்கு வந்த பிரிட்டிஷ் விமானிகள் சீண்டினார்களாம். புயல் வருகிறது என்றதும் இந்தப் பயிற்சி விமானங்களை அப்புறப்படுத்துகிறீர்களே, அவ்வளவு நொய்ந்தவையா என்பது கேலி. டக்வொர்த், ரால்ஃப் ஓ'ஹேர் என்பவரை உடன் அழைத்துக்கொண்டு, ஒற்றைப் பொறி கொண்ட அந்தச் சிறு விமானத்தைப் புயலின் கண்ணுக்குள்ளேயே ஓட்டிப்போய்த் திரும்பிவந்தார். மீண்டும் ஒருமுறை வானிலை அலுவலர் ஒருவரை ஏற்றிக்கொண்டு போனார். மேலிடத்தின் ஒப்புதல் எதுவும் இல்லை. பந்தயத்தில் பிறந்த அறிவியல்! இன்று அமெரிக்க விமானப்படையின் தனிப்பிரிவு ஒன்றும் வானிலை ஆய்வு விமானங்களும் இதே வேலையைச் செய்கின்றன. குழல் போன்ற கருவிகளைச் சிறு குடைகளில் கட்டிக் கீழே போடுகிறார்கள். கடலில் விழும்வரை அவை அழுத்தம், வெப்பம், ஈரப்பதம், காற்று ஆகியவற்றை அளந்து மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும்.

1960 ஏப்ரலில் டைரோஸ் செயற்கைக்கோள் ஏவப்பட்டபின், கடலின் எந்த மூலையிலும் புயல் ஒளிந்திருக்க முடியாது என்ற நிலை படிப்படியாக வந்தது. ஆனால் படம் மேகத்தைக் காட்டுமேயன்றிக் காற்றின் வேகத்தைக் காட்டாது. மேகத்தின் வடிவத்தை வைத்தே வேகத்தைக் கணிக்கும் முறையை 1970களில் வகுத்தவர் வெர்னான் துவோராக். சுருள் எவ்வளவு இறுகியிருக்கிறது, கண் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்றெல்லாம் பார்த்து 1 முதல் 8 வரை ஓர் எண் கொடுப்பது. விமானம் செல்லாத நம் வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் இம்முறையே பெரிதும் பயன்படுகிறது. கல்வெட்டில் ஆண்டு இல்லாதபோது எழுத்தின் வளைவையும் கொம்பையும் வைத்துக் காலத்தை மதிப்பிடும் நம் கல்வெட்டறிஞர்களின் வேலைக்கு இது எவ்வளவு நெருக்கமானது! இரண்டிலும் தேர்ந்த கண் வேண்டும். இரண்டிலும் இருவர் பார்த்தால் இரு விடை வரக்கூடும்.

இவ்வளவு கருவிகளுக்குப் பிறகு நிலைமை என்ன? தடத்தைச் சொல்வதில் வியக்கத்தக்க வெற்றி. 1990களின் தொடக்கத்தில் அட்லாண்டிக்குச் சூறாவளி 3 நாட்களுக்குப் பின் எங்கே இருக்கும் என்ற கணிப்பு சராசரியாக 350 கிலோமீட்டருக்கு மேல் பிழைத்தது. இன்று அப்பிழை 200 கிலோமீட்டருக்குள். வலிமையைச் சொல்வதில் இந்த வேகம் இல்லை. தடத்தைத் தீர்மானிப்பவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரந்த காற்றோட்டங்கள். கணினிக்கு அவை பிடிபடும். வலிமையைத் தீர்மானிப்பவையோ கண்ணைச் சூழ்ந்த சில பத்து கிலோமீட்டர்ச் சுவருக்குள் நடப்பவை, அடியிலுள்ள வெந்நீர் எவ்வளவு ஆழம்வரை வெந்நீராக இருக்கிறது என்பது, மேலும் கீழும் காற்று வெவ்வேறு திசையில் வீசிப் புயலைச் சாய்க்கிறதா என்பது. 2023 அக்டோபரில் மெக்சிகோவின் பசிபிக்குக் கரையில் 'ஓட்டிஸ்' 24 மணிநேரத்துக்குள் மணிக்கு 100 மைலுக்கும் அதிகமாக வேகம் கூடி, உச்சமான ஐந்தாம் வகைச் சூறாவளியாக அகாபுல்கோ நகரைத் தாக்கியது. முந்தின நாள் கணிப்புகளில் அப்படி ஒரு புயல் இல்லவே இல்லை.

ஐந்தாம் வகை என்றேன். இந்த வகைப்பாடுதான் என் மனக்குறையின் நடுப்புள்ளி. பொறியாளர் ஹெர்பர்ட் சாஃபிரும், சூறாவளி மையத்தின் இயக்குநராக இருந்த ராபர்ட் சிம்சனும் 1970களின் தொடக்கத்தில் ஐந்து படிகள் கொண்ட அளவுகோலை வகுத்தனர். மணிக்கு 74 மைல் வேகத்தில் முதல் படி. 157 மைலில் ஐந்தாம் படி. முதலில் அதில் கடல்நீர் எவ்வளவு உயரும் என்பதும் சேர்ந்திருந்தது. படிக்கும் நீரின் உயரத்துக்கும் நேரான தொடர்பு இல்லை என்று உணர்ந்து 2010இல் அதனை நீக்கிவிட்டார்கள். அந்த உணர்வைத் தந்த புயல்களுள் ஒன்று மீண்டும் கால்வெஸ்டனில்தான் கரையேறியது.

2008 செப்டம்பர் 13. புயலின் பெயர் ஐக். அளவுகோலின்படி அது வெறும் இரண்டாம் வகை. ஆனால் அதன் உடல் மிகப் பெரியது. மையத்திலிருந்து 400 கிலோமீட்டருக்கு அப்பாலும் புயற்காற்று வீசியது. அவ்வளவு பரந்த காற்று தள்ளிய நீர், கால்வெஸ்டனை அடுத்த பொலிவார் தீபகற்பத்தில் 15 முதல் 20 அடி உயர்ந்து, வீடுகளை வேரோடு துடைத்துச் சென்றது. தாழ்வான வீடுகளில் தங்குவோருக்குச் சாவு உறுதி என்று உள்ளூர் வானிலை அலுவலகம் வெளிப்படையாகவே அறிவித்தது. 1900இல் ஒரு சொல்லைச் சொல்ல அஞ்சிய துறை நூறாண்டில் இவ்வளவு தூரம் வந்திருந்தது! அப்படியும் ஆயிரக்கணக்கானோர் வெளியேறவில்லை. இரண்டாம் வகைதானே என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் மூன்றாண்டுப் பழையது. 2005இல் ரீட்டா சூறாவளி இப்பகுதியை நோக்கி வருகிறது என்றபோது, அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கத்ரீனா நியூ ஆர்லியன்சை மூழ்கடித்திருந்ததால், இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் சாலைக்கு வந்துவிட்டனர். கடும் வெயிலில் வண்டிகள் நகரவில்லை. முதியோரை ஏற்றிச்சென்ற பேருந்து ஒன்று தீப்பற்றி 23 பேர் இறந்தனர். புயலோ விலகி லூசியானா எல்லையருகே கரையேறியது. வெளியேறியதில் இறந்தவர்கள் புயலில் இறந்தவர்களைவிட மிகுதி. அந்தச் சாலையில் நின்ற ஒருவர் 2008இல் வீட்டிலேயே இருந்துவிட்டால் அவரை நான் மூடர் என்று சொல்லமாட்டேன்.

தடத்தைக் காட்டும் படமும் இவ்வாறே. சூறாவளி மையம் வெளியிடும் அந்த வெண்ணிறக் கூம்பைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அது புயலின் அகலம் என்றே பலரும் நினைக்கின்றனர். அன்று, கடந்த ஐந்தாண்டுகளின் பிழைகளைக் கணக்கிட்டு, மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்போடு மையப்புள்ளி எந்த எல்லைக்குள் செல்லும் என்று காட்டுவதே கூம்பு. மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் மையமே வெளியே போகும். மழையும் நீரும் காற்றும் எப்போதும் வெளியே போகும். 2022இல் 'இயன்' சூறாவளி ஃப்ளோரிடாவின் டாம்பா நகரை நோக்கி வருவதாக எல்லாரும் பேசிக்கொண்டிருந்தனர். கூம்பின் விளிம்பில் இருந்த லீ மாவட்டத்தில், வெளியேறும் ஆணை புயல் வருவதற்கு முந்தின நாள் காலையில்தான் பிறப்பிக்கப்பட்டது. புயல் அங்கேதான் வந்தது. அம்மாவட்டத்தில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அறிவியலர்கள் வரைந்த கூம்பு பொய் சொல்லவில்லை. கூம்பின் நடுக்கோட்டை மட்டும் படிப்பதற்கு நாம் பழகியிருந்தோம்.

நம் மொழியில் வழங்கும் ஒரு தொடரையும் இங்கே ஐயத்தோடு பார்க்கவேண்டியிருக்கிறது. 'புயல் கரையைக் கடந்தது' என்று எழுதுகிறோம். கடந்துவிட்டால் போய்விட்டது என்றுதானே பொருள்? 2017 ஆகஸ்டு 25ஆம் நாள் 'ஹார்வி' டெக்சஸ் கரையைக் கடந்தது. பிறகு நகர மறுத்து அங்கேயே நின்று கொட்டியது. ஹூஸ்டன் மூழ்கியது, நெடர்லாண்டு என்னும் ஊரில் பதிவான மழை 60 அங்குலத்துக்கு மேல். அப்போது அது வகைப்பாட்டின் முதற்படியில்கூட இல்லை. 2024இல் 'ஹெலீன்' ஃப்ளோரிடாவில் கரையைக் கடந்தது. கடற்கரையே காணாத வடகரோலினா மலையூர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கடத்தல் என்ற வினைக்குள் முடிவு அடங்கியிருக்கிறது; புயலுக்கு அந்த முடிவு தெரியாது.

சொல் ஏமாற்றுவதை நாமும் அனுபவித்திருக்கிறோம். 2017 நவம்பர் 29ஆம் நாள் இலங்கைக்குத் தென்கிழக்கே இருந்தது 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்'. மறுநாள் முற்பகலில் அது குமரிக்கடலில் ஒக்கிப் புயல். ஒரே நாள் இடைவெளி. குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய ஊர்களிலிருந்து பல நாள் தங்கலுக்குச் சென்ற மீனவர்கள் அப்போது செய்தி எட்டாத ஆழ்கடலில் இருந்தனர். கரையோரமாகச் சிறு வள்ளங்களில் தொழில் செய்தவர்களின் நிலை வேறு. அவர்கள் கேட்டிருக்கக்கூடிய சொல் 'தாழ்வு' என்பதே. இத்தமிழாக்கம் அறிவியல் வழுவற்றது. அழுத்தம் தாழ்ந்திருப்பதையே குறிக்கிறது. ஆனால் தாழ்வு என்ற சொல் காதில் விழும்போது எந்த மனிதன் அஞ்சுவான்? இறங்கிவிட்டது, தணிந்துவிட்டது என்றல்லவா படும்? மீனவர்களிடம் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் கூர்மையான சொற்கள் இருக்கின்றன. எச்சரிக்கை எழுதும் நமக்கோ அகராதித் தமிழ்தான் இருக்கிறது. அப்புயலில் நூற்றுக்கணக்கானோர் வீடு திரும்பவில்லை. சொல் சரியாக இருந்திருந்தால் அனைவரும் பிழைத்திருப்பர் என்று நான் சொல்லவில்லை. பலருக்கு எந்தச் சொல்லுமே போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்த சொல்லாவது வேலை செய்திருக்கவேண்டும் என்கிறேன்.

இன்னொன்று, துணைவினை. வானிலை அறிக்கையில் 'கடக்கக்கூடும்' என்று இருக்கும். மாலை நாளேட்டில் அது 'கடக்கும்' ஆகும். தொலைக்காட்சியின் கீழே ஓடும் வரியில் 'கடக்கிறது' ஆகிவிடும். ஒரு 'கூடு' உதிர்ந்ததில் ஐந்தாண்டுப் பிழைக்கணக்கும் கூம்பும் மூன்றில் ஒரு பங்கு ஐயமும் சேர்ந்து உதிர்ந்துவிடுகின்றன. அந்த நேரத்தில் அந்த இடத்தில் அது கடக்கவில்லையென்றால், வானிலைக்காரர் பொய் சொன்னார் என்று மறுநாள் தேநீர்க்கடையில் சிரிக்கிறோம். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய வினைமுற்றை நாம் திருத்திவிட்டோம்.

அறிவிப்பு சுருக்கமாக இருந்தால்தானே மக்களுக்குப் புரியும், ஐயங்களையெல்லாம் அடுக்கினால் யார் நகர்வார்கள் என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. 1900இலும் இதைத்தான் கேட்டார்கள் என்பது என் மறுமொழி. கடலோரத்தில் வாழும் ஒருவர் அறிய விரும்புவது புயல் எந்த வகை என்பதை அன்று. என் வாசலில் நீர் முழங்காலளவா, கூரையளவா, எப்போது, சாலை எந்நேரம்வரை திறந்திருக்கும் என்பதையே. காற்றின் வகையிலிருந்து பிரித்து, நீர் எழுச்சிக்கெனத் தனி எச்சரிக்கையை அமெரிக்கர் 2017இல் கொண்டுவந்ததை இந்த வழியில் ஒரு நல்ல அடியாகக் கருதுகிறேன். நம் அறிக்கைகளிலும் கடல்நீர் எத்தனை மீட்டர் உயரும் என்பது இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் கடைசிப் பத்தியில். அதனை முதல் வரிக்குக் கொண்டுவர எந்தச் செயற்கைக்கோளும் தேவையில்லை.

கருவிகள் என்றென்றும் இருக்கும் என்றும் எண்ணிவிடவேண்டாம். 2025இல் அமெரிக்க வானிலைத் துறையிலிருந்து நூற்றுக்கணக்கானோர் வெளியேற நேர்ந்தது. சில நிலையங்களில் நாள்தோறும் விடும் பலூன்களும் குறைக்கப்பட்டன. தந்தியை அடைத்த 1900, வானொலியை அடைத்த 1943 ஆகியவற்றின் வரிசையில் இதனை வைக்கலாமா என்பதை அந்நாட்டு மக்கள்தாம் சொல்லவேண்டும். எனக்கு அந்த நினைவு வராமல் இல்லை.

கிளைனின் பிற்காலத்தைப் பற்றி ஒன்று. கால்வெஸ்டனுக்குப் பின் அவர் நியூ ஆர்லியன்சுக்கு மாற்றப்பட்டார்; பல்லாண்டுகள் அங்கேயே பணிபுரிந்தார். அங்கே அவர் ஆராய்ந்தது காற்றையன்று, கடல்நீரின் எழுச்சியை. புயல் வருமுன் கரையோர நீர்மட்டமானிகள் எங்கே, எப்போது, எத்தனை அடி உயர்ந்து காட்டுகின்றன என்று புயல் புயலாகத் திரட்டி, 1926இல் ஒரு நூலாக வெளியிட்டார். ஆழமற்ற கடல் நகரைக் காக்கும் என்று 1891இல் எழுதியவர், அதற்குப் பின் முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து எழுதிய நூல் அது. 1955இல், தொண்ணூற்றுமூன்று வயதில் இறந்தார்.